அலுவலகக் கணினிகள் மாறுகின்றன: வெள்ளி மாலைக்குள் கோப்புகளை எடுத்து வையுங்கள்

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரும் சனி, ஞாயிறில் வெள்ளவத்தை அலுவலகக் கணினிகளைத் தின் கிளையன்ட் முறைக்கு மாற்றுகிறோம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நம் பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 ஏறாது.

இனி வேலை முழுவதும் உள்ளறையில் இருக்கும் ஒரே சேர்வரில், அதாவது மையக் கணினியில், நடக்கும். பழைய பெட்டி நெட்வேர்க் வழியாக பூட் ஆகி, சேர்வரின் திரையை மட்டும் காட்டும். எந்த மேசையில் இருந்து லொகின் செய்தாலும் உங்கள் கோப்புகள் அங்கே இருக்கும். ஆனால் சேர்வர் நின்றால் எல்லோருக்கும் வேலை நிற்கும். அதனால்தான் கரண்ட் போனால் கைகொடுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் தினசரி பேக்கப்புக்கும் முதலில் செலவழித்தோம், அது சரியான முடிவு.

ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிடுவோம். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸில் உள்ளவற்றை வெள்ளி மாலைக்குள் பொது ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் வைத்திருக்கும் அக்காமார் பயப்பட வேண்டாம், அந்த எழுத்துருவையும் சேர்வரில் போட்டிருக்கிறோம். சூம் கூட்டங்களுக்கு வாசலோரக் கணினி அப்படியே இருக்கும், தின் கிளையன்டில் வீடியோ திக்கும்.

பாஸ்வேர்ட் திங்கள் காலை நேரில் தரப்படும், குழுவில் கேட்க வேண்டாம்.