சுமதிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

சுமதி,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன், திட்டு உட்பட. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். கஜா அக்கா பொண்ணுக்கு ராயபுரத்திலேயே வரன் அமைந்துவிட்டது. மீதியை அக்காவே போன் போட்டுச் சொல்லும், சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பிளாட்பாரத்தில் வாழ்கிறவர்களிடம் வேலை செய்ய வரும் தன்னார்வலர்களுக்கு இப்போது நான்தான் வகுப்பு எடுக்கிறேன். சிரிக்காதே. கெமிஸ்ட்ரி லேப் கதையை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே.

வருகிறதெல்லாம் நல்ல பிள்ளைகள். ஆனால் ஒரு கையில் போர்வை, ஒரு கையில் மொபைல். தூங்குகிறவரை எழுப்பிப் பொட்டலம் கொடுத்து போட்டோ எடுப்பதைச் சேவை என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். மொபைலைப் பைக்குள் போடு, நின்றபடி பேசாதே, குந்தி உட்கார்ந்து பேர் கேள், வர முடியாதென்றால் 'நாளைக்கு வரேன்' என்று சொல்லாதே என்றால் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். காப்பகத்துக்கு வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்வதுதான் இவர்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.

நானும் ஒழுங்காக எல்லாம் சொன்னேன். வீடில்லாதவர்களுக்காக, நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதையும் சொன்னேன். உடனே ஒரு பையன், "அப்புறம் ஏன் மேடம் வரமாட்டேங்கிறாங்க?" என்றான். அடுத்த வகுப்புக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் பூ கட்டும் ஒரு அம்மாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். அவங்க அம்மா காலத்திலிருந்தே அந்த பிளாட்பாரம்தான் வீடு. அந்தப் பையனைப் பார்த்து, "ஆம்பளைங்களுக்கு ஒரு எடம், பொம்பளைங்களுக்கு ஒரு எடம்ன்றாங்க. உன் அம்மாவ ஒரு பக்கம், அப்பாவ ஒரு பக்கம் படுக்க சொன்னா போவியா கண்ணு? என் வூட்டுக்காரு மீன்பாடி வண்டிய யாரு பாத்துப்பா? காலைல மூணு மணிக்கு பூ எடுக்க நான் எங்கேருந்து கெளம்பி வர்றது?" என்று கேட்டார். வகுப்பே கப்சிப். அன்றைக்கு நான் வாயையே திறக்கவில்லை, திறக்க அவசியமும் இல்லை.

ஆனால் அங்கேதான் என் கவலையும் ஆரம்பித்தது. அவர் போன பிறகு ஒரு பெண் கேட்டாள்: பேசின் பிரிட்ஜ் பக்கம் காலில் புண் அழுகிப்போய், தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளும் வரமாட்டேன் என்றுதான் சொல்கிறார், அதையும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாமா? 2017 மனநலச் சட்டத்தைச் சொன்னேன். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. எல்லாம் சரி. ஆனால் போலீஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நின்று தீர்மானிப்பது இருபது வயசுப் பிள்ளை. எந்த 'மாட்டேன்' அவருடையது, எது நோயுடையது என்று அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? 'பார்த்து முடிவு பண்ணு' என்று சொல்வதற்குப் பெயர் பயிற்சியா?

நீ இத்தனை வருஷம் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவள். எப்படிப் பேச்சுக் கொடுப்பாய், எதைக் கவனிப்பாய், எப்போது விலகி நிற்பாய் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையை எனக்குக் கொடு. சம்பளம் கிடையாது, பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸ், அதான் அத்தோ, உண்டு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிவா, ஆனால் போன தடவை மாதிரி காரம் காரம் என்று மானத்தை வாங்கக்கூடாது.

தேதியை மட்டும் இந்த வாரமே சொல்லிவிடு, ஹால் பிடிக்கணும்.

உன்
மல்லி