எங்கள் பூசாரியைப் பற்றி ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கிராம சுகாதாரம் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி. குடிநோயாளிகளை டாக்டரிடம் காட்டாமல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கயிறு கட்டக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் அறியாமை இன்னும் போகவில்லையாம். மூன்று தரம் படித்தேன். அப்படிக் கூட்டிப்போனவள் நான். எழுதியவர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துப் பக்கம் நாலு நாள் தங்கிப் பார்த்திருந்தால் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். 14 வருஷம் குடித்தார். கடைசி மூன்று வருஷம் காலையில் எழுந்ததும் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும். கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கரணையைப் பிடிப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். குடிக்கு வைத்தியம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, "நீங்கதாம்மா கண்டிக்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்கு மேல் போனால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. டாஸ்மாக் மதுக்கடை மட்டும் நேரம் தவறாமல் திறந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையை அரசாங்கமே நடத்துகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நாளில் என்னை உட்காரவைத்து "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்ட ஒரே மனுஷர் எங்கள் கருப்பசாமி கோயில் பூசாரி. எனக்குப் பெரியப்பா முறை. சொந்தக்காரப் பெண்களே "உன் வாய்தான் அவனைக் குடிக்க வைக்குது" என்று பேசிய காலம் அது. 2016 ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் வீட்டுக்காரர் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணினார். பெரியப்பா கயிறு கட்டினார். அன்றையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று வேட்டியை உதறிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். விடியுமுன் வலிப்பு. கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியப்பா திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தவர், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மகனை எழுப்பிக் குட்டியானை வண்டியை எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் "குடிச்ச கேஸா? ஓரமா உக்காருங்க" என்றார்கள். "மூணு நாளா குடிக்கலைய்யா" என்று பெரியப்பா கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்துதான் விஷயத்தைச் சொன்னார். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படித் தூக்கிப்போடுமாம். உயிரே போகலாமாம். ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம். பெரியப்பா கேட்டார், "அப்ப கயிறு கட்டுறதுக்கு முன்னாடி இங்க கொண்டு வரணும்னு எங்களுக்கு ஏன்யா யாரும் சொல்லல?"

அன்றிலிருந்து கயிறு கட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறார். எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய்? காலையில் கை நடுங்குகிறதா? நடுக்கம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் கயிறு. எட்டாம் வகுப்பு படித்தவர். அவரைத்தான் அறியாமை என்று எழுதிவிட்டீர்கள்.

ஊசிக்குப் பிறகும் மனசு இருக்கிறதே. பக்கத்து ஊர்ச் சர்ச்சில் ஃபாதர் ஒரு அறையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு விட்டிருந்தார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனசு விட்டுப் பேசும் கூட்டம் அது. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களை யாரும் சாமி மாறச் சொல்லவில்லை. உள்ளே அவர்கள் பேச, வெளியே வராண்டாவில் பெண்டாட்டிமார் நாங்கள் பேசினோம். நான் சத்தம் போட்டு அழுதது அங்கேதான்.

எங்கள் மாவட்டத்து ஏர்வாடி உங்களுக்குத் தெரியாததா? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு கிடந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் செத்தார்கள். அந்தப் பாவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே ஏர்வாடி தர்காவில் பிற்பாடு தவா-துவா என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-இல் ஆரம்பித்த டி.டி.கே. குடிநோய் மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு குடியை விடவைக்கும் முகாம் நடத்தியது. அதுவும் இல்லை. கள்ளக்குறிச்சியில் 2024-இல் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது ஒரு வாரம் எழுதினீர்கள். அந்த வீட்டுப் பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அப்புறம் ஒருநாளும் எழுதவில்லை. உங்கள் பத்திரிகையில் வாராவாரம் குடிகாரர் ஜோக் வருகிறது. என் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்த நாட்கள் உண்டு. முன்பு இதைப் பற்றி இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் வரவில்லை. 20 வருஷமாக உங்கள் வாசகி என்பதால் மூன்றாவதும் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். 14416 என்று டெலி-மானஸ் எண் இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி எண். ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது. ராசிபலன் பக்கத்தின் அடியில் அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பெரியப்பா வெட்டிக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவார்.

என் பெயரும் ஊரும் வேண்டாம் ஐயா. அவர் குடியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் மகளுக்கு வரன் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்