தராசு என்றால் முழுதாகச் சரியில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். மூலக்கூறுகளின் நிறையை அறிய உதவும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 22 ஆண்டுகளாக இந்தக் கருவியோடுதான் என் வேலை என்பதால் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதை ‘மூலக்கூறுகளை எடைபோடும் தராசு’ என்று சொன்ன இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

தராசுத் தட்டில் எதை வைத்தாலும் எடை காட்டும். இந்தக் கருவி அப்படியில்லை. வாயு நிலைக்கு வந்து, மின்னேற்றமும் பெற்று அயனியான மூலக்கூறு மட்டுமே இதன் கண்ணில் படும். மற்றவற்றை வெற்றிடப் பம்பு இழுத்துக்கொண்டு போய்விடும், திரையில் ஒரு கோடுகூட எழாது. கட்டுரையில் இப்படி அயனியாக மாற்றும் அயனியாக்கத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. எங்கள் வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி கொலஸ்ட்ரால் இருக்க வேண்டிய ஒரு மாதிரியை எலெக்ட்ரோஸ்ப்ரே என்ற அயனியாக்க முறையில் செலுத்திப் பார்த்தார். அதன் நிறை 386. ஒரு புரோட்டான் சேர்ந்து 387இல் பீக், அதாவது திரையில் உயரும் கோடு, வர வேண்டும். எதுவும் வரவில்லை. பிரித்தெடுக்கும்போது எங்கோ தவறிவிட்டது என்று நினைத்து, மூன்று நாள் முழு வேலையையும் மறுபடி செய்தார். அப்போதும் இல்லை. அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அதே குப்பியை வாங்கி, வளிமண்டல அழுத்த வேதி அயனியாக்கம் என்ற வேறொரு முறைக்கு மாற்றிப் போட்டேன். 369இல் பீக் உயர்ந்து நின்றது. புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒரு நீர் மூலக்கூறை, அதாவது 18ஐ, விட்டுவிட்ட கொலஸ்ட்ரால் அது. முதல் நாளிலிருந்தே அது அந்தக் குப்பியில்தான் இருந்திருக்கிறது.

காரணம் எளியது. எலெக்ட்ரோஸ்ப்ரேயில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்த ஊசி முனையிலிருந்து கரைசல் நுண்துளிகளாகப் பீய்ச்சும். கரைப்பான் ஆவியாக ஆகத் துளி சுருங்கும், மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளித் துளியைச் சிதறடிக்கும், கடைசியில் அயனி வெளியே வரும். புரோட்டானை எளிதில் பிடித்துக்கொள்ளும், நைட்ரஜன் கொண்ட அமீன் போன்ற தொகுதி இருக்கும் மூலக்கூறுக்கு இது அருமையான வழி. ஒரே ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதியும் பெரிய ஹைட்ரோகார்பன் உடலும் கொண்ட கொலஸ்ட்ராலுக்கு அந்தப் பிடிப்பு மிகக் குறைவு.

புரதங்களுக்கு வந்தால் இதே முறை வேறு மாதிரி வேலை செய்கிறது. சுமார் 17,000 நிறையுள்ள மயோகுளோபின் என்ற தசைப் புரதம் 17 புரோட்டான்களைச் சுமந்தால் 1,000க்குப் பக்கத்தில் தெரியும். கருவி அளப்பது நிறையை மின்னேற்றத்தால் வகுத்த எண்ணைத்தான். எலெக்ட்ரோஸ்ப்ரே முறைக்காக ஜான் ஃபென்னும், லேசரால் புரதங்களை அயனியாக்கிய கொய்ச்சி தனாகாவும் 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தனாகா கோபால்ட் தூளில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே லேசருக்குக் காட்டியபோதுதான் வழி திறந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

மூலக்கூறின்மீது எலெக்ட்ரான்களை மோதவிட்டு அயனியாக்கும் பழைய எலெக்ட்ரான் மோதல் முறையையும் ஒதுக்க முடியாது. எல்லோரும் ஒரே 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதவிடுவதால், மூலக்கூறு உடையும் விதத்தை எந்த ஆய்வகத்திலும், தெரிந்த பொருள்களின் பீக்குகளைச் சேர்த்து வைத்த தொகுப்போடு ஒப்பிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அயனியாகக்கூடிய பொருளைக்கூட மாதிரியில் கூடவே இருக்கும் உப்பும் சோப்பும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையும் அமுக்கிவிடும். அப்போது உள்ளதைவிடக் குறைவாகத்தான் அளவு தெரியும்.

அதனால் உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சோதனையில் ‘அந்தப் பொருள் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், எந்த அயனியாக்க முறையில் பார்த்தார்கள், எவ்வளவு குறைந்த அளவு வரை அந்த முறையில் தெரியும், தெரிந்த அளவு அந்தப் பொருளை அதே மாதிரியில் கலந்து சரிபார்த்தார்களா என்று கேட்டு, பதிலையும் செய்தியோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக வாசகி