செவலையைக் கறந்து தந்த ராவுத்தரண்ணனுக்கும், ஊருக்கும்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தாங்கலாகத்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார். நேற்று ராத்திரி தன் கையாலேயே பிசைந்து இரண்டு வாய் ரசச்சோறு சாப்பிட்டார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் ராவுத்தரண்ணனுக்கு. அவர் செய்தது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியட்டும்.

அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று எங்கள் மாடு செவலையைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கறவையில் இருக்கும் மாட்டை ஒரு நேரம் கறக்காமல் விட்டாலும் மடி கட்டிக்கொள்ளும், அப்புறம் மடிநோய் வந்து மாடே வீணாகிவிடவும் கூடும். அதிலும் செவலை என்னைத் தவிர யாரையும் கிட்டச் சேர்க்க மாட்டாள். என் வீட்டுக்காரரையே உதைத்திருக்கிறாள். அத்தைக்கு முட்டி வலி, கீழே குந்தி உட்கார முடியாது. மறுநாள் காலை ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போதுதான் சுருக்கென்று உறைத்தது. பதறிப்போய் அத்தைக்குப் போன் போட்டேன். "கறந்தாச்சு, பால் சொசைட்டிக்கும் போயாச்சு, நீ அவனைப் பாரு" என்றார்கள். யார் கறந்தது என்று கேட்டால், "மோதினார்" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விடிகாலை செவலை கத்தியது பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது. சுபுஹு தொழுகை முடிந்ததும் அண்ணன் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். சின்ன வயதில் அவர்கள் வீட்டிலும் மாடு இருந்ததாம். முதலில் அத்தையிடம் என் பழைய துண்டு ஒன்று வாங்கி, செவலைக்கு என் வாசம் தெரியட்டும் என்று தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மாட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். அப்புறம் கன்றை ஊட்ட விட்டு, மடியை வெந்நீரில் கழுவி, முதல் பீச்சைத் தரையில் விட்டுக் கறந்திருக்கிறார். செவலை காலைத் தூக்கவில்லையாம். அந்தத் துண்டு யோசனை எனக்கே தோன்றியிருக்காது.

அன்றிலிருந்து நாங்கள் திரும்பி வரும்வரை, காலையில் சுபுஹு முடிந்து ஒரு கறவை, மத்தியானம் லுஹர் தொழுகைக்கும் அசர் தொழுகைக்கும் நடுவில் ஒரு கறவை. ஒரு வேளைகூடத் தப்பவில்லை. இடையில் நோன்பும் பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்ச் சூட்டுக்காற்றில் மத்தியானம் இரண்டரை மணிக்கு எங்கள் தகரக் கொட்டகைக்குள் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அதற்குள் குந்தி உட்கார்ந்து கறந்திருக்கிறார். அத்தை பழக்கத்தில் டீ போட்டுக்கொண்டு போய் நீட்டிவிட்டு, நினைவு வந்து திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள்.

நாங்கள் வந்ததும் அண்ணன் ஒரு கட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வேளைக்கும் சொசைட்டியில் தந்த சீட்டு, லிட்டர் எவ்வளவு, ஃபேட் எவ்வளவு என்று தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பணம் முழுக்க என் கணக்கிலேயே ஏறியிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் மருந்துக்கடை பாக்கியைக் கட்டினேன். ஒரு செம்பு பாலாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். வாங்கவில்லை. ஏன் அண்ணா இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று கேட்டதற்கு, "பாங்கு சொல்ல எப்படியும் எந்திரிச்சுத்தான ஆகணும் தங்கச்சி. எந்திரிச்ச ஆளு கறந்துட்டுப் போறேன், அவ்வளவுதான்" என்றார்.

இந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரித் திண்ணையில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவளுக்கு வேறென்ன வேலை, யோசனைதான். மதம் எதற்கு இருக்கிறது? கேட்டதைக் கொடுக்கவா? எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த அம்மாவும் என்னைப் போலவே அழுது அழுது வேண்டிக்கொண்டவர்தான். அவர் மகன் பிழைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பிழைத்ததை வைத்து என் சாமி பெரிது என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இரக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் அது நினைத்தால் வரும், இல்லாவிட்டால் போய்விடும். நாளைக்கும் வரவேண்டும், மறுநாளும் வரவேண்டும் என்றால் அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். மதங்கள் அந்தப் பழக்கத்தைத்தான் காலம்காலமாக மனிதர்களுக்குள் ஊட்டி வளர்த்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. வசதி உள்ள முஸ்லிம் வருஷம் தவறாமல் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜக்காத்தாகக் கொடுத்தாக வேண்டும். மனம் வந்தால் கொடு என்ற பேச்சே அதில் இல்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. கேரளத்துக் கிறிஸ்தவர்களிடம் பிடியரிசி என்ற வழக்கம் உண்டு. உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சாவறை அச்சன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட்டது அந்த அரிசியில்தான். கொடுப்பதை மனசுக்கு விடாமல் தினப்படி வேலையாக்கி வைத்ததால்தான், எனக்கு ஆபத்து வந்த அன்று எழுந்து தயாராக இருந்த ஒரு ஆள் இருந்தார்.

மதத்தால் கெட்டதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1924 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலுவாவில் நாராயண குரு எல்லா மதத்தாரையும் கூட்டி மாநாடு நடத்தினார். வாதாடி ஜெயிப்பதற்கல்ல, அறியவும் அறிவிக்கவும் என்று வாசலிலேயே எழுதி வைத்தார். அதே மாதக் கடைசியில் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடப்பதற்காக மனிதர்கள் சத்தியாகிரகம் இருக்க வேண்டி வந்தது. ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் அதற்காக ஜெயிலுக்குப் போனார். தெருவை அடைத்ததும் சாமி பெயரால்தான். அதை மறந்துவிட்டு மதத்தைப் புகழ்ந்தால் அது பொய்ப் புகழ்ச்சி.

ஆனாலும் நம் பாலக்காட்டுச் சித்தூரில் மாசியில் நடக்கும் கொங்கன்படையை நினைத்துப் பாருங்கள். படையெடுத்து வந்த கொங்கு ராஜாவைப் பகவதி ஜெயித்த கதை அது. கொங்குத் தமிழ் பேசுகிற நாமே பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்து, அந்தப் பகவதியையே கும்பிட்டுவிட்டு வருகிறோம். பழைய பகையைத் திருவிழாவாக்கித் தோற்ற பக்கத்து ஆட்களையும் கூட்டிக்கொள்ள முடிகிறதென்றால், அதுவும் மதத்தின் வேலைதான்.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாக வாளையாறு எல்லை தாண்டி வந்த மாரியம்மன் கோவில் பையன்கள், அரிசி மூட்டையோடு வந்த சர்ச் அம்மாமார்கள், ஜெபம் செய்தவர்கள், பரிகாரம் செய்து விபூதி அனுப்பியவர்கள், மலையாளத்தில் எழுதியிருந்த இன்சூரன்ஸ் தாள்களை நிரப்பித் தந்த டீச்சர், சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த ஆட்டோத் தம்பி. இந்தத் தம்பி சாமியே இல்லை என்கிறவர். மதம் ராவுத்தரண்ணனுக்குக் கொடுத்த பழக்கத்தை இவருக்கு யூனியன் கொடுத்திருக்கிறது போல. எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

நேற்றிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்துத் தினம் ஒரு பிடி அரிசி போட ஆரம்பித்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதை ஆஸ்பத்திரித் திண்ணையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு மாதமும் தவறாது. அப்புறம், நம் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் ஆபத்து வந்து கறவை மாடு தனியாக நின்றாலும் எனக்கு ஒரு போன் போடுங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன். மறக்காமல் உங்கள் துண்டு ஒன்றைக் கொடியில் போட்டு வையுங்கள்.

சாப்பாடு கொடுத்துவிட்ட தூக்குப்போசிகள் நிறைய இங்கே சேர்ந்துவிட்டன. சிலதில் பெயர் இல்லை. அத்தை எல்லாவற்றையும் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அவரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள், ஆள் வந்தால் சந்தோஷப்படுகிறார்.

இப்படிக்கு,
பால் சொசைட்டி முக்கு வீட்டு மருமகள்