பழைய காரை வீடுகளின் வெளிச்சுவர் வெக்கையைத் தணிப்பது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சித்திரை பிறந்ததிலிருந்து எங்களிடம் வரும் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீட்டின் வெளிச்சுவரில் தெர்மோகோல் பலகை ஒட்டி, அதன்மேல் சிமெண்ட் பூசித் தர முடியுமா என்று. காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் அந்த வேலையை ஏன் ஏற்பதில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்து தருகிறோம் என்பதை இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

வெளிப்பக்கத்தில் தடுப்பு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியே. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், மேற்கு வெயிலைப் பிற்பகல் முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. இரவு பத்து மணிக்கு அச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே இது விளங்கும். உட்பக்கம் பலகை அடித்தால் சுவரின் சூடு குறையாது என்பதோடு, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய பழைய பூச்சும் ஆணித் துளைகளால் பாழாகும்.

தெர்மோகோல் வெப்பத்தை நன்றாகவே தடுக்கும். ஒரே கனத்தில் செங்கல்லைவிட ஏறக்குறைய 20 மடங்கு. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை, அதாவது ஓதத்தை, தன் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் விட்டுத்தான் இத்தனை காலம் நிற்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் ஓதம் மேலும் உயரே ஏறும். அதில் கரைந்து வரும் உப்பு உள்ளேயே படிந்து செங்கலை அரிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் உரிமையாளர் விரும்பியபடியே பலகை ஒட்டிக் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது பலகையின் பின்புறம் முழுவதும் நீர் முத்து முத்தாக நின்றது. விரலால் தேய்த்த இடத்தில் செங்கல் சிவந்த மாவாக உதிர்ந்தது. எங்கள் செலவிலேயே அச்சுவரைச் சீர்செய்து கொடுத்தோம். அதன்பின் அந்த வேலையை எடுப்பதில்லை.

இப்போது நாங்கள் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிய பூஞ்செடிப் பாத்தி ஆகியவற்றைச் சரிசெய்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிடச் சொல்வோம். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, பொருமிய பூச்சை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்புடன் பெர்லைட் கலந்த சாந்தை மூன்று, நான்கு பூச்சாக ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பூசுகிறோம். பெர்லைட் என்பது கடுஞ்சூட்டில் பொரிந்து உப்பும் எரிமலைக் கல். பொரியைப் போலவே உள்ளெல்லாம் காற்று. இந்தப் பூச்சு தெர்மோகோல் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் சிமெண்ட் பூச்சைவிடப் பல மடங்கு தடுக்கும், சுவரையும் மூச்சுவிட வைக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மாடி அறையின் வெக்கைக்குச் சுவரைவிட மேலே உள்ள மொட்டைமாடித் தளமே பெரிய காரணம். அங்கே சுவர் வேலையைத் தள்ளிவைத்துத் தளத்தைக் கவனிக்கும்படி நாங்களே சொல்வோம்.

சுண்ணாம்புப் பூச்சு மெல்ல இறுக வேண்டும் என்பதால் கத்திரி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பூசுவதில்லை. தை, மாசியில் வேலை வேண்டுவோர் இப்போதே தெரிவித்தால், சுவரை வந்து பார்த்து, தண்ணீர் வரும் இடங்களைக் குறித்துக் கொடுக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. நாங்கள் வரும்வரை, உப்புப் பூத்த இடங்களில் சிமெண்ட் பூசி மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பழைய வீடு பழுதுபார்ப்பாளர்கள், காரைக்குடி