வாசிகசாலைகளில் ஊர்க் கடதாசிகளுக்கு ஓர் அலுமாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமத்து வாசிகசாலைகளுக்குப் பத்திரிகை பார்க்க வரும் நாலு பெரியவர்களைத் தவிர இப்போது ஆள் வருவதில்லை, ஆகவே பழையவற்றைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் கணினி வகுப்பு நடத்தலாம் என்ற யோசனை எங்கள் பக்கத்துக் கூட்டமொன்றில் அண்மையில் முன்வைக்கப்பட்டது. கணினி வகுப்புக்கு நான் எதிரியல்லன். ஆனால் கழிப்பதற்கென்று விறாந்தையில் கட்டி வைத்திருந்தவற்றைக் குனிந்து பார்த்தபோது, எழுபதுகளில் நடந்த ஒரு வடமோடிக் கூத்தின் அரங்கேற்ற அழைப்பிதழும், மாதர் சங்கமொன்றின் கையெழுத்துக் கணக்குக் கொப்பியும் அவற்றுள் கிடந்தன. இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து, எப்போதோ படித்த ஓர் அமெரிக்க நூலகத்தின் கதை என் மனத்தைவிட்டு அகலவில்லை.

பிலடெல்பியா நகரிலுள்ள அந்த நூலகத்தின் பெயர் லைப்ரரி கம்பனி. 1731ஆம் ஆண்டு, அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த 25 வயது இளைஞரான பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதைத் தொடங்கினார். தனியொருவரால் வாங்க முடியாத நூல்களைப் பலர் கூடி வாங்குவது என்பதே ஏற்பாடு. 50 பேர் ஆளுக்கு 40 சிலிங் முதலில் கொடுத்து, பின்னர் ஆண்டுதோறும் 10 சிலிங் கட்ட உடன்பட்டார்கள். கிட்டத்தட்ட நம் ஊரில் சீட்டுப் பிடிப்பதுபோலத்தான். அந்தப் பணத்தில் 1732இல் லண்டனிலிருந்து கப்பலில் வந்திறங்கியவை வரலாறு, புவியியல், கணிதம், அகராதி என்று அன்றாடம் புரட்டிப் பார்ப்பதற்கான நூல்களே. அரிய நூல் என்று எண்ணி எவரும் அவற்றை வாங்கவில்லை. வாங்கியவற்றை எறியாமல் வைத்திருந்ததால் அவை இன்று அரியவையாகிவிட்டன.

பின்னர் பல வழிகளிலும் பொருள் வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் லோகன் என்ற கல்விமான் சேர்த்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் 1792இல் அங்கு வந்தன. அடிமை முறையை வெறுத்த நூலக இயக்குநர்கள் கேட்டுக்கொண்டபடி, காலடியில் அறுந்த சங்கிலி கிடக்கச் சுதந்திர தேவி வீற்றிருக்கும் ஓவியமொன்றும் அதே ஆண்டில் வரையப்பட்டது. எகிப்தியப் பதப்படுத்திய உடலொன்றின் கைகூட ஓர் ஓவியரிடமிருந்து அன்பளிப்பாக வந்ததாம். அதைக் கொண்டு வாசகர் என்ன செய்தார்களோ!

ஆயினும் நான் சொல்ல விரும்புவது இவற்றைப் பற்றியன்று. ஜெனீவாவில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய டு சிமித்தியேர் என்ற ஓவியர், அமெரிக்கப் புரட்சிக் காலம் முழுவதும் தெருவில் ஒட்டிய அறிவித்தல்களையும், துண்டுப்பிரசுரங்களையும், பத்திரிகை நறுக்குகளையும் விடாமல் பொறுக்கிச் சேர்த்தார். வறுமையில் 1784இல் அவர் இறந்தபின் அவரது சேர்க்கை ஏலத்துக்கு வந்தபோது, அக்கடதாசிகளை அந்த நூலகம் 1785இல் வாங்கிக்கொண்டது. ஒட்டிய மறுநாளே மழையில் கரைந்திருக்க வேண்டியவை, அந்தப் புரட்சியின் வரலாற்றை ஆராய்பவருக்கு இன்று மூல ஆவணங்களாக இருக்கின்றன. நூலகத்தின் அங்கத்தவர்கள் காலத்துக்குக் காலம் எவ்வளவோ பணம் கொடுத்து நூல்கள் வாங்கியிருப்பார்கள். என் கணிப்பில் அந்த ஏலத்தில் எடுத்தவற்றுக்கு அவை ஈடாகா.

அவர்கள் தவறவிட்டதும் உண்டு. 1870களில், பெரும் நன்கொடையொன்றின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, கோயில்போலத் தூண்கள் நிரைத்த மாளிகையொன்றை வாசகர் வாழும் இடத்துக்குத் தொலைவில் கட்டினார்கள். கட்டடம் கம்பீரமாக நின்றது, வாசகர் வரவில்லை. 1966இல்தான் நகரின் நடுப்பகுதிக்கு மீண்டார்கள். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்க, உள்ளே நூற்பட்டியல்கூட இல்லாத கட்டடங்களைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

நம் மண்ணுக்கு வருவோம். மட்டக்களப்பின் பழைய வரலாற்றைக் கூறும் மட்டக்களப்பு மான்மியத்தை எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்துத் தர முடிந்தது, சில வீடுகளில் ஏடுகளை எறியாமல் வைத்திருந்தபடியால்தான். அதன்பின் 1978 நவம்பரில் சூறாவளியும், போரும், 2004இல் சுனாமியும் கொண்டுபோனவை எவ்வளவு! எங்கள் வீட்டிலிருந்த, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை ஏட்டையும் கடலே கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றை வாவிக் காற்றின் ஈரமும் கறையானும் தின்கின்றன. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கொப்பிகள், கண்ணகை அம்மன் சடங்கு அறிவித்தல்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், பாடசாலைப் பரிசளிப்பு விழா மலர்கள், தேர்தல் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றை எந்த வாசிகசாலையும் கேட்டு வாங்குவதாகத் தெரியவில்லை. இணையத்தில் நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் எண்ணிம வடிவில் செய்துவரும் பணி பெரிது. ஆனால் படம்பிடிப்பதற்குக் கடதாசி முதலில் எங்கேயாவது இருக்க வேண்டுமே.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வாசிகசாலைப் பொறுப்பாளர்களிடமும் உள்ளூராட்சி மன்றத்தாரிடமும் நான் கேட்பது இவ்வளவே. நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் வைத்த ஓர் இரும்பு அலுமாரியையும், எது யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதும் ஒரு பதிவேட்டையும் ஊர்க் கடதாசிகளுக்கென்று ஒதுக்குங்கள். கழிப்பதற்கு முன்னர் ஊரில் இரண்டு பேரையாவது பார்க்கச் சொல்லுங்கள். செலவுக்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊரிலும் வெளிநாட்டிலுமாக 50 பேர் மாதாந்தம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். எங்கள் ஊரில் அத்தகைய பட்டியல் தொடங்கினால் முதலாவது பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். விறாந்தையிலிருந்து எடுத்து வந்த அழைப்பிதழும் கொப்பியும் என் மேசையில் பத்திரமாக இருக்கின்றன. அலுமாரி வந்த அன்றே கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.