தம்பிக்கு, ரிசல்ட் வந்த பிறகு

20.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, ஆச்சி, பாப்பா எல்லோரும் சௌக்கியம். ஆச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ரிசல்ட் அன்று உன் போன் வரும் என்று பார்த்தேன். எல்லா வருஷமும் "எத்தனை சென்டம்பா?" என்று நீதான் முதலில் கேட்பாய். வேலை இருந்திருக்கும். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பிளஸ் டூ 8-ஆம் தேதி வந்தது. மாநிலத்தில் 95.03 சதவீதம். பெண்கள் 96.70, ஆண்கள் 93.16. பிளஸ் ஒன் 16-ஆம் தேதி வந்தது, அதில் இடைவெளி இன்னும் பெரிசு: பெண்கள் 95.13, ஆண்கள் 88.70. பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி, ஆண்கள் பள்ளி என்று வகை பிரித்தும் போடுவார்கள், அதில் நாம் எங்கே இருப்போம் என்பது உனக்கே தெரியும். நம் பையன்களுக்குப் புத்தி குறைவு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தை, மாசியில் முகூர்த்தம் வந்தால் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரி பந்தி முடித்து இரண்டு மணிக்கு வீடு வருகிறவன் காலை ஸ்பெஷல் கிளாஸில் எப்படி உட்காருவான்? ரிவிஷன் டெஸ்ட் எழுதாமல் போவது அப்படித்தான். டெஸ்ட் எழுதாதவனுக்கு எங்கே தப்பு விடுகிறோம் என்பதே தெரியாது. மார்ச்சில் நேராகப் போய் விழுகிறான்.

நம் பள்ளியில் கணக்கில் ஒரு சென்டம். 12 ஏ-வில் கண்டக்டர் வீட்டுப் பையன். ஹாலில் இருக்கிற பலகையில் அவன் பெயரை எழுத பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறோம். 2020 வரிசையில் உன் பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. புதுப் பையன்கள் "சார், இது உங்க பையனா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்கிறேன்.

ஆண்டு விழா நன்றாக நடந்தது. கலைத் திருவிழாவில் மாவட்டம் வரை போன பறையாட்டக் குழுதான் தொடங்கி வைத்தது. பாரதியார் தினப் போட்டியில் கபடி அணி நன்றாக ஆடியது. பி.இ.டி. சாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், தன் கைக்காசில் பனியன் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் பையன்கள் தேறியிருக்கிறார்கள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஆனால் பாஸ் பண்ணினதோடு முடிந்தது என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் போர்ட்டலில் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் பணம் நின்றுவிடும். பையனும் சொல்ல மாட்டான், அப்பாவும் கேட்க மாட்டார். சொல்லாமலே இருந்துவிடுவதுதான் பிள்ளைகளிடம் பெரிய தொந்தரவு.

இப்போது பள்ளியில் எனக்கு வேலையெல்லாம் துணைத்தேர்வுதான். கணக்கில் மட்டும் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஜூன் 25-இல் பிளஸ் டூ துணைத்தேர்வு தொடங்குகிறது. படித்த பள்ளியிலேயே வந்து விண்ணப்பிக்க வேண்டும். போன பாடத்துக்கு மட்டும் எழுதினால் போதும், மற்ற மார்க் அப்படியே நிற்கும், அகமதிப்பீடு பத்தும் அப்படியே நிற்கும். குறித்த நாளை விட்டால் தக்கலில் கூடுதல் பணம் கட்ட வேண்டும், அதையும் விட்டால் அந்த வருஷம் போச்சு. இவ்வளவு எளிதாக வழி வைத்திருந்தும் பையன்கள் வருவதில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா வந்து "திருப்பூர் போயிட்டான் சார்" என்கிறாள். தோற்றதைவிட, தோற்றதை வந்து சொல்வதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். யாரும் அடிக்கப் போவதில்லை, திட்டப் போவதுகூட இல்லை. வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஒரு பையன் 34. எழுத்துத் தேர்வில் 90-க்கு 24, அகமதிப்பீடு 10. எழுத்தில் 25 இல்லை, மொத்தத்தில் 35-உம் இல்லை, இரண்டிலும் ஒரே ஒரு மார்க்கில் நிற்கிறான். விடைத்தாள் நகலுக்கு 275 ரூபாய் கட்ட வைத்திருக்கிறேன். நகல் வந்த பிறகுதான் மறுகூட்டலா, 505 ரூபாய் கட்டி மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய முடியும். அதை நம்பி உட்காராதே, துணைத்தேர்வுக்கும் சேர்த்துப் பெயர் கொடு என்று சொல்லியிருக்கிறேன். அவன் எங்கே விட்டான் என்று எனக்கு ஏறக்குறைய தெரியும். ஒரு மார்க் கேள்வியில் குறியீட்டை மட்டும் எழுதுவான், விடையைச் சேர்த்து எழுத மாட்டான். வினாத்தாளிலேயே இரண்டையும் எழுது என்று போட்டிருக்கிறது. 30-ஆவது கேள்வியும் 40-ஆவது கேள்வியும் கட்டாயம், அதை விட்டுவிட்டு வேறு கேள்வியைக் கூடுதலாக எழுதி வைப்பான். அது திருத்துகிறவர் கணக்கில் சேராது.

மெய்மை அட்டவணையையே எடுத்துக்கொள். ஐந்து மார்க், சிந்திக்கவே வேண்டாத ஐந்து மார்க். மூன்று கூற்று வந்தால் எட்டு வரிசை. முதல் நிரலில் நான்கு டி (மெய்), நான்கு எஃப் (பொய்). இரண்டாவதில் இரண்டு இரண்டாக. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்று. இந்த மூன்று நிரலையும் முதலில் மேலிருந்து கீழே எழுதி முடித்துவிட வேண்டும். பையன்கள் குறுக்கே வரி வரியாக நிரப்புகிறார்கள், ஐந்தாவது வரியில் குழம்பி ஆறு வரிசையோடு நிறுத்திவிடுகிறார்கள். போர்டில் நூறு தடவை போட்டாயிற்று. நோட்டில் அவனவன் கையால் போட்டால்தான் வரும்.

பாஸ் பண்ணினவர்களுக்கும் ஓட்டம் இருக்கிறது. பொறியியல் விண்ணப்பத்துக்கு ஜூன் 6 கடைசி. 7.5 சதவீத ஒதுக்கீடு கேட்பவன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு போனஃபைடு வாங்க வேண்டும், நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளியில் காசு கட்டிப் படித்திருந்தால் கிடைக்காது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பையனுக்கு மாதம் 1,000 ரூபாய். போன வருஷம் ஆகஸ்டில் தொடங்கியது. வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் வருவதற்கென்று அதே கணக்கில் ஆதாரை இணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் பழைய கணக்கு எதற்காவது போகும், அல்லது திரும்பிவிடும். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல் இருந்தாலும் இழுத்தடிக்கும். உன் ஆதாரில் பெயர் சரியாக இருக்கிறதா? பார்த்துக்கொள்.

பாப்பா வரும் வருஷம் பிளஸ் டூ. கணக்கில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதில்லை, "அண்ணனிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாவது அவளிடம் பேசு.

ஒரு விஷயம். போன வாரம் நம் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உன் வயதுதான். கல்லூரி முடித்தாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். எம் த்ரீ, அதாவது மூன்றாவது கணக்குப் பேப்பர் மட்டும் நிற்கிறது. ஒரே ஒரு பேப்பர். அதனால் டிகிரி வரவில்லை, கம்பெனியில் ஒரிஜினல் கேட்டால் இன்று நாளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அவனிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், உன் நண்பர்கள் யாருக்காவது உதவும்.

அது தலை போகிற காரியம் இல்லை. நான்கு வருஷப் படிப்புக்கு பதினான்கு செமஸ்டர் வரை அவகாசம் உண்டு. இந்த நவம்பர்-டிசம்பர் தேர்வுக்கு கல்லூரி வழியாகப் பதிவு செய்தால் போதும், தேதியை மட்டும் விடக்கூடாது. எழுத்துத் தேர்வில் 45 சதவீதம், அகமதிப்பீடு சேர்த்து மொத்தம் 50. ஐந்து யூனிட்டையும் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு பயப்படக்கூடாது. முதலில் இசட் உருமாற்றம். அதில் வாய்பாடு குறைவு, பகுதிப் பின்னமும் கன்வல்யூஷனும் தெரிந்தால் யூனிட் முடிந்தது. அடுத்து ஃபூரியர் தொடர். இடைவெளி மைனஸ் பையிலிருந்து பை (π) வரை இருந்தால், சார்பு இரட்டையா ஒற்றையா என்று முதல் வரியிலேயே பார்த்துவிட வேண்டும். இரட்டை என்றால் சைன் கெழுக்கள் பூஜ்யம். ஒற்றை என்றால் மாறிலியும் கொசைன் கெழுக்களும் பூஜ்யம். பாதிக் கணக்கு அங்கேயே குறைந்துவிடும். பூஜ்யத்திலிருந்து இரண்டு பை வரை கொடுத்திருந்தால் இந்த இரட்டை, ஒற்றை விதியை அப்படியே போடக்கூடாது, பையன்கள் விழுவது அந்த இடத்தில்தான். மூன்றாவது ஃபூரியர் உருமாற்றம். இந்த மூன்று யூனிட்டும் கையில் இருந்தால் பாஸுக்குப் பஞ்சமில்லை. வெப்பச் சமன்பாடு, அலைச் சமன்பாடெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தினமும் இரண்டு கணக்கு, புத்தகத்தைப் பார்க்காமல், பேனாவால். விடையைப் படித்துவிட்டுப் புரிந்தது என்று மூடிவைப்பது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்கிற மாதிரி.

பிளஸ் டூவில் சென்டம் வாங்கின பையன் அவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கினவனுக்கு ஒரு பேப்பர் நின்றுவிட்டால் அதை யாரிடமும் சொல்ல வாய் வருவதில்லை. 34 வாங்கினவனாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து நின்றான். இவன் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் இருக்கிற இடத்துக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டாமா? ஆனால் வந்துவிட்டான், அது போதும். தேதியை விடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். செப்டம்பரிலிருந்தே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய மாமா வந்திருந்தார். உன் பட்டமளிப்பு எப்போது என்று கேட்டார். கல்லூரியில் தேதி தள்ளிப் போகிறது என்று சொல்லிவைத்தேன். அவர் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

துணைத்தேர்வு வகுப்பு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது, காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை. பள்ளி ஜூன் 2-இல் திறக்கிறார்கள், அதன் பிறகு சாயங்காலத்துக்கு மாற்றிவிடுவோம். நீ இரண்டு நாள் லீவு போட்டு வந்தால் மத்தியானத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அம்மா ஆவக்காய் போட்டிருக்கிறாள், வந்தால் எடுத்துப் போகலாம்.

எதற்காவது பணம் கட்ட வேண்டியிருந்தால் எவ்வளவு என்று மட்டும் மெசேஜ் போடு, அன்றைக்கே ஜிபேயில் அனுப்புகிறேன். எதற்கு என்று அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா